வீட்டுக்குப் போகிற தெரு

1

போன வியாழக்கிழமை காலை, எங்கள் நகரத்து ரயில் நிலையத்தை அடுத்து எழும்பியிருக்கும் புதிய கட்டடத்தைச் சுற்றியிருந்த பலகை மறைப்பைக் கழற்றினார்கள். வேலைக்குப் போகும் வழியில் நின்று பார்த்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் திரும்பவும் போனேன். மாலையில் மூன்றாவது முறையாக நின்றபோது காவலாளி வந்து, ஏதாவது தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டார். இல்லை, கதவுகளைப் பார்க்க வந்தேன் என்றேன். அவரும் திரும்பிப் பார்த்தார். பின் தெருவின் ஓரமாக வரிசையாக ஐந்து கண்ணாடிக் கதவுகள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சின்னக் கடைக்கான இடம். “நல்ல கதவுகள்,” என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஐந்து கதவுகளும் அந்தத் தெருவில் இருப்பதற்கு நானும் ஒரு காரணம். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். நான் மலைநாட்டில் ஹல்துமுல்லைக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறித்தார். அப்பா தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்தார். இரண்டு பேரும் தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. பதுளையில் விடுதியில் தங்கி உயர்தரம் படித்து, பல்கலைக்கழகத்தில் நகரத் திட்டமிடல் முடித்து, மேற்படிப்புக்காக கனடாவுக்கு வந்து, இப்போது டொராண்டோவிலிருந்து ஒரு மணி நேர ரயில் தூரத்தில் உள்ள இந்த நகரத்தில் ஒரு திட்ட ஆலோசனை அலுவலகத்தில் இருக்கிறேன். கட்டடம் எழுப்புகிறவர்களுக்கு, கீழ்த்தளத்தில் கடைகள் எங்கே வரவேண்டும், சனங்கள் எப்படி நடப்பார்கள் என்று அறிக்கை எழுதிக் கொடுப்பது எங்கள் வேலை. லயத்தில் விசாரிப்பவர்களுக்கு அம்மா இதைச் சுருக்கமாகச் சொல்லி வைத்திருக்கிறார்: “அவ கெனடாவுல ரோட்டுல போறவங்கள எண்ணுறா.”

பிழை சொல்ல முடியாது. இங்கே ரயில் நிலையங்களைச் சுற்றி முப்பது மாடி, நாற்பது மாடிக் கட்டடங்களாக எழும்புகின்றன. மேலே வீடுகள், கீழே கடைகள். இதற்கென்று தனிப் பெயர், தனிச் சட்டம், பளபளக்கும் விளம்பரப் புத்தகம் எல்லாம் உண்டு. பதுளையில் இதற்குப் பெயரே கிடையாது. கடைக்காரர் கடைக்கு மேலே குடியிருப்பார், அவ்வளவுதான். ஆனால் இங்கே ஒரு சங்கடம். மேலே வீடுகள் நிரம்பிவிடுகின்றன. கீழே கடைகள் காலியாகக் கிடக்கின்றன. கண்ணாடிக்கு உள்ளே மண்ணிறக் காகிதம் ஒட்டி, ‘வாடகைக்கு’ என்று எழுதி, வருடக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். அந்தக் காகிதத்தை ஒட்டி நடக்கும்போது யாரும் நடையைத் தளர்த்துவதில்லை. குளிர்காலத்தில் மனிதர்கள் சுவரோரமாக ஓடுவதுபோல் போவார்கள்.

இந்தக் குறிப்பு அந்தக் கதவுகளைப் பற்றியது. அவற்றில் ஒன்றுக்காக மூன்று வருடத்துக்கு மேல் காத்திருந்த செல்வியக்காவைப் பற்றியது.

2

செல்வியக்காவை முதலில் சந்தித்தது ஒரு குளிர் மேலங்கியால். அதன் கைகள் எனக்கு நீளமாக இருந்தன. இந்த நாட்டில் எந்த உடுப்பும் என் அளவுக்குத் தைக்கப்படுவதில்லை. ரயில் நிலையத்தின் பின் தெருவில் ஒரு பழைய ஒற்றை மாடிக் கட்டடம் இருந்தது. அதில் சாவி வெட்டுகிறவர், சப்பாத்து தைக்கிறவர், ஒரு பேக்கரி, பிறகு உடுப்புத் திருத்தும் கடை. உள்ளே இரண்டு தையல் மெசின்கள், ஒரு திரைச்சீலை, மாலை வேளையில் கிழங்கு ரொட்டியின் வாசனை. நான் அங்கியைப் போட்டுக்காட்டியதும் அக்கா வாயிலிருந்த குண்டூசியை எடுத்துவிட்டுத் தமிழில் கேட்டார்:

“எவ்விடம் பிள்ளை நீர்?”

“பதுளைப் பக்கம்க்கா.”

“பதுளையோ. அப்பா அரசாங்கக் கச்சேரியில வேலையோ? எங்கட பெரியப்பாவும் அங்க கிளாக்கரா இருந்தவர்.”

“இல்லக்கா. தோட்டத்துல.”

“தோட்டத்துரையோ?”

“தோட்டத்து ஃபெக்டரியில வேல. அம்மா கொழுந்து பறிச்சாங்க.”

அக்கா கையை நிறுத்தினார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இந்த இடத்தில் சிலர் பேச்சை மாற்றுவார்கள், சிலர் ‘பாவம்’ என்பார்கள். இரண்டுக்கும் எனக்குப் பதில் தயாராக இருக்கும்.

“அப்ப நீர் இஞ்ச வந்து சேர நல்லாப் படிச்சிருப்பீர்,” என்றார்.

“படிச்சேன்க்கா.”

“கையைத் தூக்கும்.”

அவ்வளவுதான். அன்றிலிருந்து எனக்குப் பெயர் பதுளை. “வாரும் பதுளை.” “என்ன பதுளை, மெலிஞ்சு போனீர்.” அவர் சாவகச்சேரிக்காரர். கணவர் இறந்தபிறகு இந்தக் கடையை வைத்துத்தான் மகளை வளர்த்தார். மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அம்மா தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள். ஆனால் அம்மாவுக்கு வருகிற ஒவ்வொரு கடிதத்தையும் அவள்தான் வாசித்து, வேண்டியதை நிரப்புவாள்.

அடுத்த வருடம் அந்தப் பழைய கட்டடத்தை இடித்து முப்பத்திரண்டு மாடி எழுப்புவது என்று முடிவானது. கீழ்த்தள அறிக்கைக்கான வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். கட்டடத்துக்கு இரண்டு பக்கம் தெரு. முன்னால் புதுப்பிக்கப்போகும் சதுக்கம். அங்கே கடைக்கென்று ஒரே ஒரு பெரிய இடம், ஒரு வங்கியோ மருந்துக்கடையோ வருவதற்கு. பின் தெருவில், செல்வியக்காவின் கடை இருந்த இடத்தில், கார் இறங்கும் சரிவு, குப்பை அறையின் இரும்புக் கதவு, பிறகு நீளமாக வெறும் சுவர்.

இதை அக்காவிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. நானே போய்ச் சொன்னேன்.

“அப்ப என்ர கடையை இடிக்கவோ என்னட்ட உடுப்புத் தைச்சுப் போட்டனீர்?”

“நான் இடிக்கலக்கா. இடிச்சப்புறம் என்னா வரணும்னு எழுதுற வேல.”

“என்ன வருது?”

“இப்போதைக்குச் செவருதான்.”

அக்கா சிரித்தார். சிரிப்பு முடிந்ததும், “இந்தத் தெருவை விட்டால் எனக்கு ஆக்கள் வராயினம் பிள்ளை,” என்றார். “என்ர ஆக்கள் எல்லாம் நடந்து வாறவை. வேலையால வரேக்க காற்சட்டையைத் தந்திட்டுப் போவினம். காரில வந்து ஆர் காற்சட்டை வெட்டுவிக்கிறது?”

3

எங்கள் அறிக்கைக்கு முதல் வேலை ஆட்களை எண்ணுவது. ஐப்பசி மாதத்துக் குளிர்காற்றில் கையில் ஒரு பலகை, அதில் ஒரு படிவம். கிழக்கே போகிறவர்களுக்கு ஒரு கட்டம், மேற்கே போகிறவர்களுக்கு ஒரு கட்டம். முதல் நாள் சதுக்கத்துப் பக்கம், இரண்டாம் நாள் பின் தெரு. காலையிலிருந்து இருட்டும் வரை நின்று எண்ணினேன்.

மூன்றாம் நாள் என் மேலதிகாரி ஹெலன் தாள்களைப் பார்த்துவிட்டு என்னை அழைத்தார். கிழக்கு மேற்கு என்ற தலைப்பை நான் பார்க்கவே இல்லை போலிருக்கிறது. தாள் முழுக்க மேல்நோக்கி ஓர் அம்பு, கீழ்நோக்கி ஓர் அம்பு என்று போட்டு அவற்றின் பக்கத்தில் கோடு கோடாக எண்ணி வைத்திருந்தேன்.

“இந்தத் தெரு சமதளம். இதில் மேலே எது, கீழே எது?” என்று கேட்டார்.

எனக்கு முதலில் கேள்வியே பிடிபடவில்லை. எங்கள் தோட்டத்தில் கிழக்கு மேற்கு என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பஸ் போகிற தார் ரோடு கீழே இருக்கிறது. லயங்கள் மேலே இருக்கின்றன. கடைக்கு, ஆஸ்பத்திரிக்கு, பள்ளிக்கூடத்துக்கு, கோயிலுக்கு, எங்கே போனாலும் ‘கீழ போறோம்’. திரும்பினால் ‘மேல போறோம்’. ஒருவர் எதிரே வந்தால் “கீழயா, மேலயா?” என்றுதான் கேட்போம். அந்த ஒரு வார்த்தையில் அவர் புறப்பட்டவரா, வீடு திரும்புகிறவரா என்பது தெரிந்துவிடும். இத்தனை வருடம் படித்தும் அது என் கையிலிருந்து போகவில்லை. குளிரில் நின்று எண்ணும்போது கை தானாக லயத்துக் கணக்கைப் போட்டுவிட்டது. காலையில் எல்லோரும் ரயிலுக்கு ஓடும்போது எதிர்த்திசையில் களைத்து வந்த இரண்டு தாதிகளுக்கு மேலம்பு போட்டிருந்தேன். இரவு வேலை முடித்து வீட்டுக்குப் போகிறவர்கள் என்று பார்த்தவுடன் தெரிந்தது.

இதை விளக்கியபோது ஹெலன் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “நீ எண்ணவில்லை, ஊகித்திருக்கிறாய்,” என்றார். “அவர்கள் வீட்டுக்குப் போகிறார்கள் என்பதற்கு என்ன ஆதாரம்? இரண்டு நாளும் வீண். திரும்ப எண்ண வேண்டும்.”

அவர் சொன்னது நியாயம். எனக்கு முகம் எரிந்தது. தவறு செய்ததைவிட, எது என்னை அந்தத் தவறைச் செய்ய வைத்ததோ அதை அந்த அறையில் விரித்துக் காட்ட வேண்டி வந்தது பற்றிய எரிச்சல் அது. ஆனால் இன்னொன்றும் தோன்றியது. திரும்ப எண்ணும்போது இரண்டையும் எழுதுவது. கிழக்கு மேற்கையும் எழுதுவேன், அம்புகளையும் போடுவேன். அம்புக்குப் பக்கத்தில் கையில் என்ன இருந்தது, எங்கே நின்றார்கள் என்பதையும் குறிப்பேன். வேண்டாம் என்றால் அடித்துவிடட்டும்.

மறுபடி இரண்டு நாள் நின்றேன். காலையில் சனங்கள் சதுக்கத்தைக் குறுக்கே வெட்டி நிலையத்துக்குள் ஓடுகிறார்கள். தோளில் பை, காதில் பாட்டு, யாரும் எதையும் பார்ப்பதில்லை. மாலையில் அதே ஆட்கள் அந்த வழியில் திரும்புவதில்லை. பின் தெருவில்தான் பஸ் தரிப்பிடமும் பிள்ளைகள் காப்பகமும் இருக்கின்றன. அதனால் பின்படிகளில் இறங்குகிறார்கள். சதுக்கத்தைவிடக் கூட்டம் குறைவு, ஆனால் நிற்கிறார்கள். பேக்கரியில் பாண் வாங்குகிறார்கள். பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு சப்பாத்துக்காரரோடு பேசுகிறார்கள். செல்வியக்காவின் கதவு திறந்து மூடியபடியே இருந்தது. அக்கா ஒருமுறை வெளியே எட்டிப் பார்த்து, “குளிருக்குள்ள நிண்டு என்னத்தை எண்ணுறீர், உள்ளுக்கு வந்து எண்ணும்,” என்றார். உள்ளே போனால் பக்கச்சார்பு ஆகிவிடும் என்றேன். “பக்கச்சார்போ,” என்று சொல்லிவிட்டு ஒரு கோப்பைத் தேத்தண்ணியை நடைபாதையில் வைத்துவிட்டுப் போனார்.

4

மார்கழியில் நத்தார்ப் பண்டிகைக்கு ஊருக்குப் போயிருந்தேன். நத்தாருக்கு முந்திய வாரம் அம்மாவும் நானும் உடுப்பு எடுக்கப் பதுளைக்குப் போனோம். கிட்டத்தில் உள்ள பண்டாரவளையிலேயே எடுக்கலாம். ஆனால் அம்மாவுக்குப் பதுளைக் கடைகளில்தான் பேரம் படியும். என் கைப்பையில் ஓர் அளவு நாடா இருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட பஸார் தெருவில் கடைகளின் வாசல் அகலத்தை எழுதிக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். ஒரு தெருவில் நடக்கிறவனுக்கு எத்தனை எட்டு வைத்தால் ஒரு கதவு கிடைக்கிறது என்பதை அறிக்கையில் ஒரு பக்கமாக வைக்க நினைத்தேன்.

முதல் கடை வளையல் கடை. நாடாவை வாசலுக்குக் குறுக்கே பிடித்ததும் உள்ளிருந்தவர் எழுந்து வந்தார்.

“தங்கச்சி, எந்தக் கந்தோரு?”

“கந்தோரு இல்லண்ணே. சும்மா அளக்குறேன்.”

“சும்மா யாரு அளப்பா? ரோட்டப் பெருசாக்கப் போறாங்களா?”

“எனக்குத் தெரியாதுண்ணே.”

‘எனக்குத் தெரியாது’ என்று சொன்னதுதான் பிழை. எல்லா அரசாங்க அதிகாரியும் அதைத்தான் சொல்வார்கள். நான் இரண்டாவது கடைக்குப் போவதற்குள் செய்தி நான்காவது கடைக்குப் போய்விட்டது. அடுத்தடுத்த கடைக்காரர்கள் நடைபாதையில் பரப்பி வைத்திருந்த வாளி, விளக்குமாறு, செருப்புக் கூடை எல்லாவற்றையும் உள்ளே இழுக்க ஆரம்பித்தார்கள். பத்து நிமிடத்தில் அந்தப் பக்கத்து நடைபாதை, நான் பார்த்த காலத்தில் எப்போதும் இல்லாத அளவுக்குச் சுத்தமாகிவிட்டது. ஒரு கிழவர் தன் எலுமிச்சம்பழச் சாக்கைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்து எனக்கு நாடாவைச் சுருட்டத் தோன்றியது.

அம்மா என்னைக் கண்டுபிடித்தது அப்போதுதான்.

“ஏண்டி, ஒனக்கு என்னா புடிச்சிருக்கு? டேப்ப வச்சிகிட்டு நடுரோட்டுல நிக்கிற?”

“வேலைம்மா.”

“லீவுல வந்தும் வேலையா?” என்றுவிட்டு அம்மா தெருவைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். “இது எம்புள்ளைங்க. கந்தோரும் இல்ல, ஒண்ணும் இல்ல. கெனடாவுல கட்டடம் கட்டுறவ. எடுத்து வெளிய வைங்க எல்லாத்தையும்.”

“கட்டடம் கட்டலம்மா. கடைக்கு எடம் சொல்றேன்.”

“ஒனக்கென்ன, கட்டுறவன்னு சொன்னாத்தான் அளக்க விடுவாங்க.”

விட்டார்கள். வளையல் கடைக்காரர் நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். ஒன்பது அடி, பதினோரு அடி, எட்டு அடி. ஒரு பூட்டுக்கடை ஐந்தடிகூட இல்லை. அதன் சொந்தக்காரர் அளவைக் கேட்டு வெட்கப்பட்டார். அடுத்த கடைக்காரர், “பூட்டு விக்கிறதுக்கு வூடா வேணும்?” என்று கிண்டல் செய்தார்.

பதுளை நடைபாதையை நான் புகழவில்லை. வாளிகள் எல்லாம் திரும்ப வெளியே வந்ததும் முழங்கால் வலியோடு அம்மா இரண்டு முறை ரோட்டில் இறங்கி நடக்க வேண்டியிருந்தது. ஒருமுறை பஸ் உரசிக்கொண்டு போனது. அதையும் குறிப்பில் எழுதினேன்.

அளந்து முடித்து அம்மாவோடு கடை பார்க்கப் போனபோதுதான் கவனித்தேன். அம்மா தெருவின் கடைசிவரை எதையும் வாங்கவில்லை. சேலையைத் தடவிப் பார்த்தார், விலை கேட்டார், வைத்தார், நடந்தார். கடைசிக் கடையைத் தொட்டுத் திரும்பிய பிறகுதான் வாங்க ஆரம்பித்தார். முதலில் உடுப்பு. பஸ் ஸ்டாண்டை நெருங்க நெருங்கப் பாரம் கூடியது. கருவாடு, பிறகு ஒரு பிளாஸ்டிக் வாளி, கடைசியாகப் பாண். மற்றப் பெண்களைப் பார்த்தேன். தோட்டத்திலிருந்து வந்த எல்லோரும் அப்படியே. பஸ் ஸ்டாண்டுக்கு அருகில் வாளிக் கடைகளும் பேக்கரிகளும் நெருக்கிக்கொண்டு நிற்பது யாரோ திட்டம் போட்டு அல்ல. கையில் வாளியோடு எவளும் சேலைக் கடைக்குப் போகமாட்டாள்.

பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்ததும் இதை அம்மாவிடம் சொன்னேன். சனங்கள் போகும்போது வாங்குவதில்லை, வீட்டுக்குத் திரும்பும்போதுதான் வாங்குகிறார்கள், அதனால் கடை திரும்புகிற பக்கத்தில் இருக்க வேண்டும் என்று.

அம்மா வாளியை மடியில் வைத்துக்கொண்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

“இதச் சொல்றதுக்கா கெனடாக்காரன் சம்பளம் குடுக்குறான்?”

“ஆமா.”

“நல்லா இருக்கட்டும் அவன்,” என்றார்.

5

மாசி மாதத்தில் கூட்டம். கண்ணாடிச் சுவர் போட்ட அறை. கட்டடக் கம்பெனியின் சார்பில் ஒருவர், நகரசபையின் திட்ட அதிகாரி ஒருவர், ஹெலன், நான். கம்பெனிக்காரர் மோசமான மனிதர் அல்ல. சின்னக் கடைகள் தலைவலி என்று வெளிப்படையாகச் சொன்னார். ஐந்து கடை என்றால் ஐந்து ஒப்பந்தம், ஐந்து தண்ணீர்க் குழாய், ஐந்து பேரின் முறைப்பாடு. ஒரு வங்கி வந்தால் பதினைந்து வருடத்துக்கு நிம்மதி.

ஹெலன் எங்கள் அறிக்கையின் முதல் பாதியை விளக்கினார். பிறகு, “மிச்சத்தை மிஸ் அருளப்பன் சொல்லுவார்,” என்றார்.

அருளப்பன் என் அப்பா. எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பதால் இந்த நாட்டுப் படிவங்களில் அப்பாவின் பெயர் என் பெயராகிவிட்டது. தோட்டத்துத் துரை அவரை ‘டேய்’ என்றுதான் கூப்பிட்டார். இங்கே அவர் பெயரைச் சொன்னதும் மூன்று பேர் பேனாவை எடுத்தார்கள். எழுந்து போகும்போது அது எனக்கு முதுகில் கைவைத்தது போலிருந்தது.

நான் இரண்டு தெருக்களை வரைந்தேன். கிழக்கு மேற்குக் கணக்கை ஒரு நிறத்தில் போட்டேன். அம்புகளை வேறு நிறத்தில் போட்டேன். ஒன்று வீட்டைவிட்டுப் போகிற தெரு, மற்றது வீட்டுக்குப் போகிற தெரு. நீங்கள் கடையை முதலாவதில் வைத்து, குப்பைக் கதவை இரண்டாவதில் வைத்திருக்கிறீர்கள் என்றேன். பதுளை அளவுகளையும் காட்டினேன்.

“ஒருவர் வீட்டுக்குப் போகிறார் என்று பார்த்தவுடன் எப்படித் தெரியும்?” என்று கம்பெனிக்காரர் கேட்டார்.

ஹெலன் என்னிடம் கேட்ட அதே கேள்வி. இந்த முறை என்னிடம் இரண்டு நாள் தாள்கள் இருந்தன. “ஒவ்வொருவராகத் தெரியாது. கையைப் பார்த்து எழுதினேன். காலையில் சுமை தோளில் இருக்கும். மாலையில் கையில் இருக்கும். கையில் இருக்கிறவர்தான் நிற்கிறார். தாளில் பாருங்கள்.” அவர் பார்த்தார். நேரம் எடுத்தே பார்த்தார். கார்ச் சரிவைப் பக்கத்துச் சந்துக்கு நகர்த்த முடியுமா என்று தன் பொறியியலாளரிடம் கேட்பதாகச் சொன்னார்.

அத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டும். என் வேலை முடிந்துவிட்டது. ஆனால் ஐந்து சின்னக் கடைகள் கட்டி, ஐந்திலும் கோப்பிக் கடைகள் வந்தால் நான் எண்ணிய மனிதர்கள் எதற்காக நிற்பார்கள்? செல்வியக்காவின் கதவும் அந்த எண்ணிக்கையில் ஒன்று. “இப்போது இருக்கிற நான்கு கடைக்காரர்களிடம் முதலில் கேட்க வேண்டும்,” என்றேன். “அவர்களுக்காகத்தான் அந்தத் தெருவில் ஆட்கள் நிற்கிறார்கள். நாங்கள் எண்ணியது சுவரை அல்ல, அவர்களை.”

 அதில் ஒருவர் என் உடுப்பைத் திருத்துகிறவர் என்பதையும் சொல்லிவிட்டேன். மறைத்துப் பிறகு தெரியவந்தால் என் தாள்களுக்கே மதிப்புப் போய்விடும். ஹெலன் என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்ட அதிகாரி எதையோ எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும் ஹெலன், “அதை என்னிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்,” என்றார். லிஃப்டில் இறங்கும்போது, “ஆனால் சரியாகச் சொன்னாய்,” என்றார்.

வசந்தத்தில் நகரசபையின் அனுமதி வந்தது. பின் தெருவில் ஐந்து சின்னக் கடைகள். முதல் உரிமை பழைய கடைக்காரர்களுக்கு.

6

அனுமதி என்பது காகிதம். கட்டடம் எழும்ப மூன்று வருடம் ஆகும். செல்வியக்கா மெசின்களை வீட்டுக் கீழறைக்குக் கொண்டுபோனார். மகள் ஒரு இணையப் பக்கம் செய்து கொடுத்தாள். யாரும் காற்சட்டையைத் தபாலில் அனுப்பவில்லை. நான் போவேன், என் அலுவலகத்தில் இரண்டு மூன்று பேர் போவார்கள். அக்கா பகலில் ஒரு தொழிற்சாலைக்கு உறை தைக்கப் போக ஆரம்பித்தார். ‘வாரும் பதுளை’ என்கிற குரல் மட்டும் மாறவில்லை.

இந்த வருடம் பங்குனியில் ஒரு பாவாடையோடு போனேன். அக்கா துணிக்குள் கத்திரிக்கோலைத் தேடியபோது மெசினுக்கு அடியில் ஒரு பெரிய கடித உறை கண்ணில் பட்டது. ஓரத்தில் கட்டடக் கம்பெனியின் முத்திரை. பிரிக்கப்படாமலே இருந்தது.

“இது எப்ப வந்துச்சுக்கா?”

“உதோ? மாசியில வந்தது. கடையை விடச் சொல்லி வந்த கடிதமும் உப்பிடித்தான் வந்தது. இன்னும் என்னத்தை விடச் சொல்லப் போறாங்கள்.”

“மகள்கிட்ட காட்டலையா?”

“பிள்ளைக்குச் சோதினை. அவளைக் குழப்பக்கூடாது.”

பிரித்துப் பார்த்தேன். பழைய கடைக்காரர்களுக்கு முதல் உரிமை. குறித்த நாளுக்குள் பதில் வராவிட்டால் உரிமை நீங்கும். அந்த நாள் மறுநாள்.

நான் உட்கார்ந்துவிட்டேன். மூன்று வருடம், நான்கு நாள் எண்ணிக்கை, ஒரு நத்தார் விடுமுறை, ஒரு கூட்டம், எல்லாம் ஒரு தையல் மெசினுக்கு அடியில் துணித்துண்டுகளோடு கிடந்தது. அக்காவிடம் சொன்னேன். அவர் பாவாடையின் மடிப்பைப் பிரித்துக்கொண்டே இருந்தார்.

“எனக்கு இனி என்னத்துக்குப் பிள்ளை. ஐம்பத்தெட்டு வயசு. சனம் என்னை மறந்திருக்கும்.”

“மறந்தா மறக்கட்டும். போற வழியில ஒங்க கதவு இருந்தா ஞாபகம் வரும்.”

“உமக்கு என்ன, உம்மட அறிக்கை சரியெண்டு காட்டோணும்.”

“ஆமாக்கா. அதுவும்தான்.”

அது உண்மை என்பதால் அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. படிவம் பதினோரு பக்கம். தொழில் வகை, காப்புறுதி எண், முந்தைய கடையின் பரப்பு, குடும்பப் பெயர், முதல் பெயர். நான் வாசித்தேன், அக்கா சொன்னார், நான் எழுதினேன். மகள் பரீட்சை முடிந்து படியிறங்கி வந்தவள் மேசையைப் பார்த்து ஆங்கிலத்தில் என்ன நடக்கிறது என்று கேட்டாள். அக்கா தமிழில் சொன்னார். அவள் புத்தகப் பையைக் கழற்றாமலே என் பக்கத்தில் உட்கார்ந்து ஆறாம் பக்கத்திலிருந்து அவளே நிரப்ப ஆரம்பித்தாள். மறுநாள் காலை நானும் அவளும் அதைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொண்டோம்.

இடது பக்கத்திலிருந்து இரண்டாவது கதவு செல்வியக்காவுடையது. பேக்கரிக்காரர் மூன்றாவதை எடுத்திருக்கிறார். சப்பாத்துக்காரர் வரவில்லை, அவர் மகனோடு வேறு மாகாணத்துக்குப் போய்விட்டார். சாவிக்காரரும் பதில் எழுதவில்லை. எல்லாம் வென்றோம் என்று சொல்ல மாட்டேன்.

சனிக்கிழமை திறப்பு. ரிப்பன், தலைவர், உரை எதுவும் இல்லை. நான் வேண்டுமென்றே மாலையில் போனேன், ரயில் வந்து சனம் இறங்குகிற நேரத்துக்கு. வீட்டிலிருந்து ஒரு சட்டை கொண்டு போயிருந்தேன். கைகளைக் குறைக்க வேண்டியிருந்தது. கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை. உள்ளே ஒருவர் முதுகைக் கதவில் சாய்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு முன்னால் ஒரு பெண் இரண்டு பிள்ளைகளோடு. அதற்கு முன்னால் கண்ணாடிக்கு எதிரே கையைத் தூக்கியபடி ஒருவர், அவருடைய அக்குளுக்குக் கீழே செல்வியக்காவின் தலை. வாயில் குண்டூசி. என்னைக் கண்டதும் ஊசியை எடுக்காமலே வெளியே நில் என்று கையைக் காட்டினார். எனக்குப் பின்னால் இன்னும் ஒரு ஆள் வந்து சேர்ந்தார். பிறகு தோளில் ஒரு குழந்தையோடு இன்னொருவர். நாங்கள் மூன்று பேரும் நடைபாதையை அடைத்துக்கொண்டு நின்றோம். நிலையத்திலிருந்து வருகிறவர்கள் எங்களைச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. ஒருவர் பொறுமையிழந்து, “கொஞ்சம் வழி விடுகிறீர்களா?” என்றார்.

விட்டேன். கொஞ்சம்தான் விட்டேன்.